கொரியாவின் சீன உணவகங்கள்: கேள்வி பதில்

கேள்வி: அடுத்த மாதம் சியோலுக்குச் செல்கிறேன். அங்குள்ள சீன உணவகங்களில் கிடைப்பது சீனச் சமையல்தானா?

பதில்: வேர் சீனாவினுடையது, இன்றைய சுவை கொரியாவினுடையது. 1883-இல் இஞ்சியோன் துறைமுகம் திறக்கப்பட்ட பிறகு, பெரும்பாலும் ஷான்டோங் மாகாணத்திலிருந்து வந்து குடியேறிய சீனர்களின் சமையல், உள்ளூர்க்காரர்களின் நாக்குக்கு ஏற்ப மெல்ல மாறியது. ஜாஜாங்மியோன் அதற்கு நல்ல சான்று. கேரமல் சேர்த்துக் கருமையேற்றிய சுன்ஜாங் என்னும் சோயா விழுதை, வெங்காயத்தோடும் பன்றி இறைச்சியோடும் வதக்கி நூடுல்ஸின் மேல் தாராளமாக ஊற்றித் தருவார்கள். இஞ்சியோனின் சைனாடவுனில் இதற்கென ஓர் அருங்காட்சியகமே இருக்கிறது.

கேள்வி: கடையின் தரத்தை எதை வைத்து அறிவது?

பதில்: ஜாஜாங்மியோனின் ஒரு வகையான கான்ஜாஜாங் கேட்டுப் பாருங்கள். சாதாரண ஜாஜாங் குழம்பைத் தண்ணீரும் மாவும் சேர்த்துப் பெரிய சட்டியில் முன்கூட்டியே காய்ச்சி வைத்துவிடலாம். கான்ஜாஜாங்கில் அந்த இரண்டும் சேராததால், கேட்ட பிறகுதான் எண்ணெயில் வதக்கியாக வேண்டும். குழம்பு தனிக் கிண்ணத்தில் வரும். வெங்காயம் குழைந்துவிடாமல் கடிபட வேண்டும், விழுதின் ஓரத்தில் எண்ணெய் லேசாகப் பிரிந்து மினுங்க வேண்டும், கொட்டிக் கிளறியதும் நூடுல்ஸில் ஒட்டிக்கொள்ள வேண்டும். கிண்ணத்தில் குழம்பு கூழ்போலத் தேங்கி நின்றால், பழைய சட்டியிலிருந்தே அள்ளி வந்திருக்கிறார்கள் என்று தாராளமாகச் சந்தேகிக்கலாம். பூசான் பக்கம் இதன்மேல் பொரித்த முட்டை ஒன்றை வைத்துத் தருவார்கள். அந்த வழக்கம் நாடெங்கும் பரவாதது எனக்குக் குறையாகவே படுகிறது. தனியாகச் செல்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இரண்டு பேருக்குக் குறைவாகக் கான்ஜாஜாங் செய்து தராத கடைகளும் உண்டு.

கேள்வி: தாங்சுயுக்கின் மேல் குழம்பை ஊற்றுவதா, தொட்டுக்கொள்வதா?

பதில்: மாவில் தோய்த்துப் பொரித்த பன்றி இறைச்சிக்கு வரும் இனிப்புப் புளிப்புக் குழம்பைப் பற்றிய இந்த வழக்கு கொரியர்களிடையே இன்னும் தீரவில்லை. மொறுமொறுப்புக்காக நான் தொட்டுக்கொள்ளும் கட்சி. எந்தக் கட்சியாக இருந்தாலும், உடன் இருப்பவர்களைக் கேட்காமல் ஊற்றிவிடாதீர்கள்.

கேள்வி: நான் சைவம். ஜம்போங் சாப்பிடலாமா?

பதில்: கூடாது. அந்த நூடுல்ஸின் காரமான சிவப்புச் சாறு கடலுணவிலும், பல கடைகளில் இறைச்சியிலும் ஊறியது; மேலே கிடப்பதை எடுத்து ஒதுக்கினாலும் சைவமாகிவிடாது. ஜாஜாங் குழம்பிலும் இறைச்சி இருக்கும். பௌத்த மடங்களின் முறையில் சமைக்கும் உணவகங்கள் சியோலில் உண்டு. அங்கே செல்வதே உங்களுக்கு நல்லது.

கேள்வி: கேட்காமலே வைக்கும் மஞ்சள் முள்ளங்கிக்கும் பச்சை வெங்காயத்துக்கும் காசு உண்டா?

பதில்: பொதுவாக இல்லை, தீர்ந்தால் மறுபடியும் கேட்கலாம். முள்ளங்கியின் மேல் சிறிது வினிகர் தெளித்து, வெங்காயத்தைச் சுன்ஜாங்கில் தொட்டுச் சாப்பிடுங்கள். டிப்ஸும் வைக்க வேண்டியதில்லை.