மாத்திரையை இடிப்பதற்கு முன் அட்டையைப் படியுங்கள்

எழுபத்தைந்து வயதான மாமியாருக்கு மாத்திரை தொண்டையில் இறங்க மறுக்கிறது, எல்லாவற்றையும் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் கூடாது. நான் மருத்துவன் அல்லன். அப்படிக் கொடுத்து மாட்டிக்கொண்டவன்.

பெரம்பூரில் எங்களோடு இருந்த அப்பாவுக்குக் காலையில் ஐந்து மாத்திரைகள். அரைச் செம்பு தண்ணீர் உள்ளே போய்விடும், மாத்திரை மட்டும் நாக்கில் ஒட்டிக்கொண்டு நிற்கும். பொறுமை இழந்த ஒரு நாள், ஏலக்காய் தட்டும் சிற்றுரலில் ஐந்தையும் போட்டு நுணுக்கிக் கொடுத்தேன். அவற்றுள் ஒன்று இரத்த அழுத்தத்துக்கான நிஃபெடிபின் ரிடார்ட். மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவர வேண்டிய மருந்து ஒரேயடியாக உடம்பில் இறங்கியதால், சிறிது நேரத்திலேயே அவர் முகம் சிவந்து, தலை சுற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அன்று முதல் அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் படிப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. மருந்தின் பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., ஈ.ஆர்., சி.ஆர்., எம்.ஆர்., ரிடார்ட் என்று ஏதாவது இருந்தால், அது மெதுவாக வெளியாகும்படி செய்யப்பட்டது. அதை இடிக்கவோ மெல்லவோ கூடாது. சர்க்கரைக்கான மெட்ஃபார்மினில் சாதாரண மாத்திரையும் உண்டு, எஸ்.ஆர். மாத்திரையும் உண்டு என்பதால், பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. இரைப்பை அமிலத்துக்கான பேன்டோபிரசோலின் கதை வேறு: வயிற்று அமிலம் அந்த மருந்தையே சிதைத்துவிடும் என்பதால்தான் அதற்கு மேல்பூச்சு போடுகிறார்கள், இடித்தால் பூச்சும் போகும், பலனும் போகும். மூட்டுவாதத்துக்கும் புற்றுநோய்க்கும் தரும் மெத்தோட்ரெக்சேட் போன்றவற்றின் தூள், இடிப்பவருக்கே கெடுதல். நடுவில் கோடு இருந்தால் பெரும்பாலும் பாதியாக உடைக்கலாம் என்று பொருளே தவிர, பொடிக்கலாம் என்று பொருளில்லை.

இடிக்காமலே இறங்க வைக்க வழி இருக்கிறது. நம்மில் பலர் தலையை அண்ணாந்துதான் மாத்திரை போடுகிறோம். அது தொண்டைக்குச் சிரமம், புரையேறவும் வாய்ப்பு. கேப்சூல் தண்ணீரில் மிதக்கும் பொருள். அதை நாக்கில் வைத்து, ஒரு வாய் தண்ணீரை உறிஞ்சி, மோவாயை நெஞ்சை நோக்கித் தாழ்த்தி விழுங்கினால், அது தானாகத் தொண்டைப் பக்கம் மிதந்து வந்து இறங்கிவிடும். கனமான மாத்திரைக்கு, அமுங்கக்கூடிய பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, மாத்திரையை நாக்கில் வைத்து, காற்று புகாமல் பாட்டிலின் வாயைச் சுற்றி உதடுகளை இறுக்கி, உறிஞ்சிக்கொண்டே விழுங்க வேண்டும். ஜெர்மனியின் ஹைடெல்பர்க் பல்கலைக்கழகத்தார் இவ்விரண்டு முறைகளையும் சோதித்து 2014-இல் வெளியிட்டார்கள். குனிந்து விழுங்கும் முறைதான் கூடுதலாகப் பலன் தந்தது. எதுவானாலும் முதலில் ஒரு மிடறு குடித்து வாயை ஈரமாக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். வயதானவர்களுக்கு வாய் வறட்சியே பாதித் தொல்லை. போட்டவுடன் படுக்கவும் விடாதீர்கள்: கிருமிக்கொல்லியான டாக்சிசைக்ளினும், எலும்புத் தேய்மானத்துக்கான அலென்ட்ரோனேட்டும் உணவுக்குழாயில் தங்கினால் அங்கேயே புண்ணாக்கிவிடும்.

வாழைப்பழத்தில் செருகிக் கொடுப்பதும் நம் வீடுகளில் உண்டு. விழுங்கும் திறன் நன்றாக இருப்பவர்களுக்கு அது பரவாயில்லை. பாலிலோ தயிரிலோ கொடுப்பதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் சிப்ரோஃபிளாக்சசின் என்ற கிருமிக்கொல்லியையும் தைராய்டு மாத்திரையையும் பால், தயிரிலுள்ள கால்சியம் உடம்பில் சரியாகச் சேரவிடாது.

மேலே சொன்ன உத்திகள் எல்லோருக்கும் பொருந்தா. பக்கவாதம் வந்தவர், பார்க்கின்சன் நோயுள்ளவர், வெறும் தண்ணீருக்கே இருமுகிறவர், சாப்பிட்டபின் குரல் ஈரமாகக் கரகரக்கிறவர் ஆகியோருக்கு வீட்டில் எதையும் முயலாமல், விழுங்கும் திறனைச் சோதிக்கும் பேச்சு சிகிச்சையாளரிடம் அனுப்பும்படி மருத்துவரைக் கேளுங்கள்.

மற்றபடி, இருக்கிற அட்டைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு மருத்துவரிடம் போய், "இவற்றில் எதற்கு சிரப் உண்டு, எது தண்ணீரில் கரையும், எதைப் பொடிக்கலாம்?" என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கரைத்துக் கொடுக்கும் மருந்தானால், டம்ளரின் அடியில் தங்கும் வண்டலிலும் மருந்து இருக்கும். இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி அதையும் குடிக்கக் கொடுக்க வேண்டும். எங்கள் அப்பாவின் பையைக் கொட்டிப் பார்த்த மருத்துவர், ஒன்றை சிரப்பாக மாற்றினார்; இன்னொன்று இனித் தேவையே இல்லை என்று எடுத்து ஓரமாக வைத்துவிட்டார்.