வாரம் 18 மணி நேரம்தான் வகுப்பா?

கேள்வி: என் மகள் கோவையில் பி.இ. மெக்கானிக்கல் முடித்திருக்கிறாள். ஜெர்மனியில் எம்.எஸ்ஸி. சேர இடம் கிடைத்திருக்கிறது, அக்டோபரில் கிளம்புகிறாள். "வாரம் 18 மணி நேரம்தான் வகுப்பு, அட்டெண்டன்ஸும் கிடையாது. 20 மணி நேரம் வேலைக்குப் போய்ச் செலவைப் பார்த்துக்கொள்வேன்" என்கிறாள். அமெரிக்காவில் படிக்கும் என் அண்ணன் மகனோ தூங்கக்கூட நேரமில்லை என்கிறான். ஜெர்மனியில் சுமை அவ்வளவு குறைவா?
– ஒரு தாய், பொள்ளாச்சி

பதில்: டைம்டேபிளைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். அங்கே குறைவது வகுப்பு நேரம்தான், படிப்பு நேரம் இல்லை. ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேர உழைப்பு என்பது கணக்கு. வகுப்பு, வீட்டில் படிப்பது, தேர்வுக்குத் தயாராவது எல்லாம் அதில் அடக்கம். ஆக செமஸ்டருக்கு 900, ஆண்டுக்கு 1800 மணி நேரம். ஆண்டில் 45 வாரம், வாரம் 40 மணி என்று வருகிறது, முழுநேர உத்தியோகம்தான். வகுப்பு 18 போக மீதி 22 மணி நேரத்தை உங்கள் மகளே ஒதுக்க வேண்டும். அதன்மேல் 20 மணி நேர வேலை என்றால் வாரம் 60. சமையலும் துணி துவைப்பதும் இதில் சேரவில்லை.

அண்ணன் மகன் சொல்வதும் பொய்யில்லை. அமெரிக்காவில் முதுகலைக்குப் பல இடங்களில் 9 கிரெடிட் எடுத்தாலே முழுநேர மாணவர். ஆனால் அந்தக் கிரெடிட் வேறு: ஒன்றுக்கு வாரம் ஒரு மணி வகுப்பு, வெளியே குறைந்தது இரண்டு மணி. வாராவாரம் ஹோம்வொர்க், நடுவில் மிட்டெர்ம், பிறகு ப்ராஜெக்ட் என்று ஏதாவது ஒன்று துரத்திக்கொண்டே இருக்கும். பிரிட்டனில் ஒரே ஆண்டில் 180 கிரெடிட், ஒன்றுக்கு 10 மணி நேரம், அங்கும் 1800தான். எனவே கிரெடிட் எண்ணிக்கையை நாட்டுக்கு நாடு ஒப்பிடாதீர்கள், மணி நேரமாக மாற்றிப் பாருங்கள்.

ஜெர்மனியில் யாரும் துரத்துவதில்லை. நம் பிள்ளைகள் வழுக்குவது அங்கேதான். இங்கே இன்டர்னல் கைகொடுக்கும்; அங்கே பல பாடங்களில் பிப்ரவரியில் எழுதும் ஒரே தேர்வுதான் முழு மதிப்பெண். சில பாடங்களில் வாரப் பயிற்சித் தாள்களில் பாதி மதிப்பெண் வாங்கினால்தான் தேர்வே எழுத முடியும். அக்டோபர், நவம்பரில் ஊர் சுற்றிவிட்டு ஜனவரியில் புத்தகத்தைத் திறந்தால் ஆறு பாடம் ஒன்றாக வந்து நிற்கும்.

அரியர் விஷயம் இன்னும் முக்கியம். இங்கே அரியரைப் பல முறை எழுதலாம். அங்கே பெரும்பாலும் ஒரு பாடத்துக்கு மூன்று வாய்ப்புதான். கட்டாயப் பாடத்தில் மூன்றாவதும் போனால் படிப்பிலிருந்து நீக்கம்; அதே படிப்பை ஜெர்மனியில் வேறு பல்கலைக்கழகத்திலும் தொடர முடியாது. பாஸ் செய்த பாடத்தை மதிப்பெண் கூட்ட மறுபடி எழுதவும் பொதுவாக விடமாட்டார்கள். தேர்வுக்குத் தானே போர்ட்டலில் பதிய வேண்டும். கெடு தாண்டினால் எழுத முடியாது. பதிந்துவிட்டு, உரிய நேரத்தில் விலகாமலும் தேர்வுக்குப் போகாமலும் இருந்தால் 5.0, அதாவது ஃபெயில். காய்ச்சல் என்றால் உடனே டாக்டர் சான்றிதழ் கொடுக்க வேண்டும். தன் துறையின் தேர்வு விதிகளை அவள் முதல் வாரமே படித்துவிடட்டும்.

வேலையைப் பொறுத்தவரை, சட்டம் ஆண்டுக்கு 140 முழுநாள் அல்லது 280 அரைநாள் அனுமதிக்கிறது. அனுமதி இருக்கிறது என்பதற்காக முதல் செமஸ்டரிலேயே இறங்க வேண்டாம். விசாவுக்காக முடக்கு கணக்கில் (மாதம் ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேல் எடுக்க முடியாத வங்கிக் கணக்கு) போடும் 11,904 யூரோ மாதம் 992 வீதம் வரும். முதல் ஆண்டை அதில் ஓட்டப் பார்க்கட்டும். இரண்டாவது செமஸ்டரிலிருந்து வாரம் 10 மணி நேரம், முடிந்தால் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே ஆய்வு உதவியாளர் வேலை நல்லது. தேர்வு நெருங்கும்போது அங்கே நேரத்தைக் கொஞ்சம் வளைத்துக் கேட்கலாம். டெலிவரி வேலையில் அது கடினம்.

ஒரு செமஸ்டருக்கு 30க்குப் பதில் 20, 24 கிரெடிட் எடுப்பவர்களும் நிறைய. அதில் வெட்கமில்லை. ஆனால் இரண்டு ஆண்டு இரண்டரை ஆனால், அதே மாதம் 992 வீதம் ஆறு மாதத்துக்குக் கூடுதலாக 5,952 யூரோ ஆகும். விசா நீட்டிக்கும்போதும் படிப்பு நகர்கிறதா என்று பார்ப்பார்கள். இந்தத் தொகையையும் வேலையில் கிடைக்கப்போகும் சம்பளத்தையும் ஒரே தாளில் எழுதி, கிளம்பும் முன் இருவரும் உட்கார்ந்து பாருங்கள்.