மாடியில் ஒரு லாட்ஜ்

வணக்கம் ஐயா,

அமெரிக்கச் சிற்றூர்களின் பழைய கடைத்தெருப் படங்கள் பார்த்துக்கொண்டிருந்தேன். பல ஊர்களில் கீழே கடை, மேலே ஃப்ரீமேசன் அல்லது ஆட்ஃபெல்லோஸ் என்ற சகோதரச் சங்கங்களின் லாட்ஜ், அதாவது உறுப்பினர்கள் கூடும் இடம். சிலவற்றில் மாடிச் சன்னல்களை அடைத்தே வைத்திருக்கிறார்கள். ரகசியச் சடங்குகளுக்காகவா? கட்டடக்கலை என்று பார்த்தால் இவற்றில் என்ன இருக்கிறது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ரகசியம் பாதிக் காரணம்தான்; மீதி வாடகை. சந்தாப் பணத்தை மட்டும் நம்பிக் கட்டடம் எழுப்புவது கடினம். தெருவோரக் கீழ்த்தளத்தைக் கடைக்கோ வங்கிக்கோ விட்டுவிட்டு மாடியைத் தங்களுக்கு வைத்துக்கொண்டார்கள். தெருவில் போகிறவர் எட்டிப் பார்க்கவும் முடியாது. அமெரிக்க ஆட்ஃபெல்லோஸ் 1819இல் பால்டிமோரில் தாமஸ் வைல்டி தொடங்கிய அமைப்பு. நோயாளியைப் போய்ப் பார்ப்பது, இறந்தவரை அடக்கம் செய்வது, பெற்றோரை இழந்த குழந்தையைப் படிக்கவைப்பது என்று கடமைகளை வகுத்துக்கொண்டவர்கள். அந்தக் கடை வாடகையை நான் மரியாதையோடுதான் பார்க்கிறேன்.

கட்டடக்கலையின் சுவை உள்ளேதான். ஃப்ரீமேசன் கூடத்துக்குச் சடங்கே வரைபடம். தலைவர் கிழக்கில் அமர்வார், அவருக்கு அடுத்த இருவர் மேற்கிலும் தெற்கிலும். உதயம், அஸ்தமனம், உச்சிப்பொழுது என்று சூரியனின் மூன்று நிலைகள் அவை. மனை எப்படித் திரும்பியிருந்தாலும் சரி, தலைவர் இருக்கும் பக்கம்தான் அங்கே கிழக்கு. நடுவில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் போட்ட தரை.

இதற்கெல்லாம் முன்பு, 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் லண்டனில், ஃப்ரீமேசன்களுக்குச் சொந்தக் கூரையே இல்லை. மதுக்கூடங்களில் அறை பிடித்துக் கூடினார்கள். சின்னங்களைத் தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்து, கூட்டம் முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்துவிடுவார்கள். பிறகு அதே படம் துணிக்கும் பலகைக்கும் ஏறியது. அந்த லண்டனில் 1927 முதல் 1933 வரை கட்டிய ஃப்ரீமேசன்ஸ் ஹால், முதல் உலகப்போரில் இறந்த 3,225 உறுப்பினர்களுக்கான நினைவிடம். அதன் பெரிய கூடத்தில் சுமார் 1,700 பேர் அமரலாம். துடைத்துப் போட்ட சுண்ணக்கோட்டிலிருந்து இவ்வளவு தூரம் வந்த கட்டட மரபு வேறு உண்டா என்று வியக்கிறேன்.

உங்கள் படங்களில் முகப்பின் உச்சியைக் கவனியுங்கள். கோத்த மூன்று வளையங்கள் என்றால் ஆட்ஃபெல்லோஸ். மூலைமட்டமும் கவராயமும் என்றால் ஃப்ரீமேசன். ஃப்ரீமேசன்கள் நாட்டிய மூலைக்கல்லில் 5890 என்பது போல ஓர் ஆண்டு தென்பட்டால் குழம்ப வேண்டாம். உலகம் படைக்கப்பட்டதாக அவர்கள் கொண்ட காலத்திலிருந்து எண்ணுவது அது. 4000த்தைக் கழித்தால் கட்டிய ஆண்டு கிடைத்துவிடும்.