பொருளியலுக்கு இவ்வளவு கணக்கு எதற்கு?

கேள்வி: என் மகள் முதுகலைப் பொருளியல் படிக்கிறாள். அவளுடைய பாடப்புத்தகத்தைப் புரட்டினால் சமன்பாடாகத்தான் இருக்கிறதே தவிர, கடை, சந்தை, கூலி என்ற பேச்சையே காணோம். பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போன எங்கள் ஐயா, பேரேட்டையும் வட்டிக் கணக்கையும் வைத்தே தொழில் பார்த்தவர். பொருளியலுக்கு இத்தனை கணிதம் தேவைதானா?
– வாசகி ஒருவர், தேவகோட்டை

பதில்: இந்தச் சந்தேகம் பெரியவர்களுக்கும் இருந்தது. 1865இல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் இரண்டாமிடம் பெற்ற ஆங்கிலப் பொருளியலாளர் ஆல்ஃபிரட் மார்ஷல், 1906இல் புள்ளியியலாளர் பௌலிக்கு எழுதிய கடிதத்தில், கணிதத்தைச் சுருக்கெழுத்தாக மட்டும் வைத்துக்கொண்டு, முடிவைப் பேச்சு மொழியில் எழுதி, வாழ்க்கையிலிருந்து உதாரணம் காட்டிவிட்டு, கணிதத்தை எரித்துவிட வேண்டும் என்றார். 1947இல் பொருளியலைக் கணித வடிவில் எழுதிய அமெரிக்கப் பொருளியலாளர் சாமுவேல்சனின் நூல் வந்த பிறகு காற்று எதிர்ப்பக்கம் திரும்பியது. இன்று எரிப்பவர் யாருமில்லை.

தங்கள் ஐயா காலத்தையே எடுத்துக்கொள்வோம். ரங்கூனில் நகரத்தார் கூடி நிர்ணயித்த நடப்பு வட்டிப்படி எழுதப்பட்ட பேரேடுகளில் கூட்டல் பிழை இருந்திருக்காது. பெரும்பாலான கடன்களுக்கு நிலம் ஈடாக இருந்ததால், தனித்தனியே பார்த்தால் அவை பத்திரமான கடன்கள்தான். ஆனால் 1930க்குப் பின் நெல் விலை சரிந்தபோது உழவர்கள் பெருந்திரளாக ஒரே சமயத்தில் கடனைக் கட்டத் தவறினார்கள். கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் வசம் 1930இல் ஏறத்தாழ 6 சதவீதமாக இருந்த நிலம், 1938இல் 25 சதவீதத்தை எட்டியது. விரும்பி வாங்கிய நிலமல்ல அது, வசூலாகாத பணம். ‘எல்லாரும் சேர்ந்து விழமாட்டார்கள்’ என்ற அனுமானத்துக்குப் பேரேட்டில் பத்தியே இல்லை.

அந்த அனுமானத்தை எழுத்தில் கொண்டுவரச் செய்வதுதான், என் பார்வையில், கணிதத்தின் தலையாய பயன். எழுதிய பிறகும் ஏமாறலாம் என்பது வேறு விஷயம்: 1997இல் பொருளியல் நோபல் பெற்ற மெர்ட்டனும் ஷோல்ஸும் கூட்டாளிகளாக இருந்த எல்டிசிஎம் என்ற அமெரிக்க முதலீட்டு நிதியம், பல நாட்டுச் சந்தைகள் சேர்ந்தாற்போல் அதன் கணிப்புக்கு எதிர்த்திசையில் நகர்ந்ததால் 1998இல் கவிழ்ந்தது. கணிதத்தில் கைதேர்ந்த பொருளியலாளர் பால் ரோமரே 2015இல், குறியீடுகளுக்கும் சொற்களுக்கும் இடையே ஒட்டுறவில்லாத கட்டுரைகள் பெருகிவிட்டதாகச் சாடினார்.

ஆகவே மகளின் புத்தகத்தைக் கண்டு மிரள வேண்டாம். ஏதாவதொரு சமன்பாட்டை எடுத்து, தேவகோட்டைச் சந்தையை உதாரணமாக வைத்துத் தமிழில் தங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். எந்த வரியில் தடுமாறுகிறாளோ, அந்த வரியைப் பென்சிலால் குறித்து, மறுநாள் பேராசிரியரிடம் கேட்டு வரட்டும்.