காமெட் லாரி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் கருங்கல் பக்கத்துக்காரன். துபாயில் வேலை. ஆண்டுக்கு ஒருமுறை ஒரு மாத விடுப்பில் ஊருக்கு வருவேன். எங்கள் வீட்டின் பின்புறம் அப்பாவின் அசோக் லேலண்ட் காமெட் லாரி நிற்கிறது. எழுபதுகளில் வந்த வண்டி. அப்பா அதை வேறொருவரிடமிருந்து வாங்கி, குலசேகரத்திலிருந்து பெரும்பாவூருக்கு ரப்பர் மரத் தடி ஏற்றிக்கொண்டிருந்தார். அவர் காலமான பிறகு யாரும் எடுக்கவில்லை. பலா மரத்தடியில் சருகு மூடிக் கிடக்கிறது. பழைய இரும்பு வாங்கும் ஆக்கர் கடைக்காரர் அடிக்கடி வந்து விலை பேசுகிறார். மனைவிக்கு அந்த இடத்தில் கார் ஷெட் வேண்டும். மைத்துனர், "துருவைக் கட்டிக்கொண்டு அழுகிறாய்" என்கிறார்.

வெளிநாடுகளில் கனரக லாரிகளைப் பொழுதுபோக்காகச் செப்பனிடுகிறவர்களைப் பற்றி நிறையப் படிக்கிறேன். கம்பெனியிலிருந்து வெளியே வந்த நாளில் என்ன நிறம், என்ன போல்ட் என்றுகூடத் தேடிப்பிடித்துப் பொருத்துகிறார்கள். நம் வண்டிக்கு அப்படி ஒரு அசல் படமோ நிறக் குறிப்போ எங்கே கிடைக்கும்? முதலில், இது செய்யத் தகுந்த வேலைதானா?

பெயர் வேண்டாம்,
கருங்கல்

அன்புள்ள நண்பருக்கு,

செய்யத் தகுந்த வேலைதான். லாபம் கிடையாது, போட்ட பணம் திரும்பாது. அதை மைத்துனரிடம் நீங்களே முந்திச் சொல்லிவிட்டால் அவரிடம் வேறு வாதம் இருக்காது. தோட்டம் வைக்கிறவரிடமும் புறா வளர்க்கிறவரிடமும் யாரும் கணக்குக் கேட்பதில்லை. லாரி கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. அசல் படத்தைத் தேடாதீர்கள். நீங்கள் நினைக்கிற பொருளில் அப்படி ஒன்று இருந்திருக்க வாய்ப்பில்லை.

1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கிய கம்பெனி, 1950-இல் இங்கிலாந்தின் லேலண்டோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, 1955-இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. எண்ணூர் தொழிற்சாலையிலிருந்து லாரி வாங்கியவர்களுக்குப் பெரும்பாலும் கிடைத்தது முழு லாரி அல்ல. சேசிஸ் என்கிற அடிச்சட்டம், அதன்மேல் இன்ஜின், முன்னால் ஒரு தகர முகப்பு, ஸ்டீயரிங். கதவு கிடையாது, கூரை கிடையாது, பின்பெட்டி கிடையாது. டிரைவர் ஒரு தற்காலிக இருக்கையில் அமர்ந்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வெயிலையும் மழையையும் முகத்தில் வாங்கியபடி அந்த எலும்புக்கூட்டைப் பாடி கட்டும் பட்டறைவரை ஓட்டி வருவார். நெடுஞ்சாலையில் அப்படி வரிசையாகப் போகும் சேசிஸ்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பிறகுதான் ஆசாரி உள்ளே வருகிறார். நாமக்கல், திருச்செங்கோடு பட்டறைகளுக்குத் தென்னிந்தியா முழுக்கப் பெயர். நம் கன்னியாகுமரி மாவட்டத்திலும் நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் பாடி கட்டியவர்கள் இருந்தார்கள். மரச்சட்டம் இழைத்து, மூலை பொருத்தி, மேலே தகடு அடித்து, கேபின் எழுப்பினார்கள்.

இந்தப் பழக்கம் இங்கே புதிதும் அல்ல. திருவிதாங்கூர் அரசு 1938-இல் பஸ் போக்குவரத்தைத் தொடங்கியபோது இங்கிலாந்திலிருந்து காமர் கம்பெனியின் சேசிஸ்களைத்தான் வரவழைத்தது. மேல்கூட்டை இங்கேயே, துறையின் ஊழியர்களை வைத்துக் கட்டிக்கொண்டார்கள். அப்போது நாமும் திருவிதாங்கூர்தான். 1956 நவம்பர் 1-இல்தான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தோம்.

ஆகவே உங்கள் காமெட் இரண்டு இடங்களில் பிறந்த வண்டி. பாதி எண்ணூர், பாதி ஏதோ ஒரு பட்டறை. எண்ணூர்ப் பாதிக்கு இன்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் உண்டு. பட்டறைப் பாதிக்கு வண்டியே சான்று, வேறு காகிதம் இல்லை. இங்கிலாந்தில் அந்தக் கம்பெனிக்குப் பெயர் தந்த லேலண்ட் என்கிற ஊரிலேயே 1983-இலிருந்து வணிக வாகனங்களுக்கு ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய லாரி, பஸ் பிரியர்களின் சங்கம் ஒன்று அந்த நாட்டில் 1958-இலிருந்து இயங்குகிறது. 1962-இலிருந்து லண்டனிலிருந்து பிரைட்டன்வரை பழைய வண்டிகளை ஊர்வலமாக ஓட்டிப் போகிறார்கள். கம்பெனி ஆவணங்களைப் பத்திரமாக வைத்திருக்கிற ஊரில் கம்பெனியின் நிறத்தைத் தேடுவது நியாயம். நாம் அதை அப்படியே எடுத்துக்கொண்டு, எவரோ ஒருவர் கட்டிய நல்ல அயினி மரச்சட்டத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு, விளம்பரப் படத்தைப் பார்த்து இரும்புக் குழாயில் கேபின் செய்தால், அது செப்பனிடுவது ஆகாது. வண்டியின் பாதியை அழிப்பது.

எந்த நாளைய நிலைக்குக் கொண்டுவருவது என்று கேட்டால், உங்கள் அப்பா ஓட்டிய நாளுக்கு என்பேன். அவருக்கு முன்னால் இருந்தவர் வைத்த நிறம் அடியில் இருக்கும், இருக்கட்டும். தடி ஏற்றுவதற்காக அவர் சுமை தாங்கும் வில்பட்டைகளைக் கூட்டியிருக்கலாம், பின்பெட்டியின் பக்கப் பலகையைக் கழற்றிவிட்டு இரும்புத் தூண் நிறுத்தியிருக்கலாம். அவையெல்லாம் குறையல்ல. அந்த லாரி இந்த மாவட்டத்தில் செய்த வேலையின் தடங்கள்.

அழகியமண்டபம் பக்கத்தில் தெரிந்தவர் ஒருவர் இதேபோல ஒரு கேபினைப் பிரித்தபோது உடனிருந்தேன். உள்பக்கத் தகட்டின் ஆணிகளை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தார்கள். தகடு விலகியதும் மரத்தின் மறைந்த முகத்தில் ஆசாரியின் பென்சில் கோடுகள், நேற்றுப் போட்டதுபோலத் தெளிவாக. எந்தச் சட்டம் எதோடு சேர வேண்டும் என்பதற்கு இரு பக்கமும் ஒரே குறி. ஓரிடத்தில் கூட்டல் கணக்கு ஒன்று, அடித்துத் திருத்தி மறுபடி போட்டது. வெளிப்பக்கத்தில் சாயத்தை ஈரமாகத் தேய்த்தபோது நீலத்துக்கு அடியில் பச்சை வந்தது. பச்சையில் "புனித அந்தோணியார் துணை" என்று கையால் பலகை எழுதுகிறவர் எழுதிய வளைவான எழுத்து. பிளாஸ்டிக் ஸ்டிக்கர் வந்த பிறகு அப்படி எழுதுகிற கை அரிதாகிவிட்டது. மணல் பீய்ச்சி ஒரேநாளில் சுத்தம் செய்து தருகிறேன் என்று யாராவது வந்தால், சேசிஸுக்கு மட்டும் சம்மதியுங்கள். கேபினை நீர்த்தாள் (நீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) வைத்துக் கையால், பொறுமையாக. ஒவ்வொரு நிலையிலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி வேலை. சருகு மூடிக் கிடக்கிறது என்கிறீர்கள். கையை உள்ளே விடுவதற்கு முன்னால் பாம்பு பிடிக்கத் தெரிந்த ஒருவரை அழைத்துக் காட்டுங்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அடுத்து, உங்கள் மனைவி கேட்கிற ஷெட்டைக் கட்டிவிடுங்கள். லாரி நுழையும் உயரத்தில், காரும் பக்கத்தில் நிற்கும் அகலத்தில். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, கருங்கலிலிருந்து கடலும் தூரமில்லை. கூரையில்லாமல் தொடங்குகிற எந்த வேலையையும் அடுத்த விடுப்புக்குள் துரு திருப்பி எடுத்துக்கொள்ளும். வீட்டில் சமாதானமும் கிடைக்கும்.

சேசிஸில் மேலே தெரிகிற துருவுக்கு அஞ்ச வேண்டாம். இரண்டு தகடுகள் சேர்ந்து ரிவெட் அடித்த இடங்களைப் பாருங்கள். இடுக்கில் நீர் புகுந்து துரு ஊறிப் பெருத்தால் தகடுகளையே விலக்கித் தள்ளிவிடும். சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்றால் இரும்பு, மந்தமாகச் சொத்தென்று கேட்டால் வெல்டரைக் கூப்பிட வேண்டும். சேசிஸ் எண் பொறித்த இடத்தில் மட்டும் கிரைண்டர் படக்கூடாது. அந்த எண் தேய்ந்தால் சட்டத்தின் கண்ணில் உங்களிடம் இருப்பது யாருடையதென்று தெரியாத இரும்பு.

இன்ஜினை உடனே உறும வைக்க ஆசை வரும். ஜே.சி.பி.யில் கட்டி இழுத்தால் பிடித்துக்கொள்ளும் என்று சொல்ல ஊரில் நான்கு பேர் இருப்பார்கள். விடாதீர்கள். நெடுநாள் நின்ற இன்ஜினில் பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு துருவால் ஒட்டியிருக்கும். இழுத்தால் ரிங் உடையும், சுவரில் கோடு விழும். டீசலைப் பீய்ச்சும் நாசில்களைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து ஊற்றி, நாள்கணக்கில் ஊற விட வேண்டும். பிறகு கிராங்க் புல்லியில் நீண்ட கம்பி கொடுத்து, கையால், முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக அசைக்க வேண்டும். அசையவில்லை என்றால் மறுபடி ஊற்றிவிட்டுப் போய்ச் சாப்பிடுங்கள். ரேடியேட்டர் செம்பும் பித்தளையுமாக இருந்தால் எறியாதீர்கள், ஈயம் வைத்து அடைக்கலாம். டீசல் டேங்கைக் கழுவாமல் பம்புக்கு ஒரு சொட்டும் போகக்கூடாது.

இந்த இன்ஜினுக்கு மெக்கானிக் எங்கே என்று லாரிப் பட்டறைகளில் அலைந்தால் ஏமாறுவீர்கள். அங்கே இப்போது கணினியைச் செருகிப் பார்க்கிற பிள்ளைகள்தான் அதிகம், அவர்கள்மேல் பிழையில்லை. நீங்கள் குளச்சலுக்கும் தேங்காய்ப்பட்டணத்துக்கும் சின்னமுட்டத்துக்கும் போங்கள். லேலண்ட் இன்ஜின் விசைப்படகுகளிலும் ஓடியது. சாலையில் ஓய்வு பெற்ற அந்தக் குடும்பத்து இன்ஜின்களைக் கடலில் ஓடவைத்தவர்கள் துறைமுகத்தில் இருக்கிறார்கள். வால்வு இடைவெளியைக் காதால் கேட்டே சொல்கிற பெரியவர்கள். அவர்களைக் கைப்பேசியில் அழைத்து விலை கேட்காதீர்கள். நேரில் போய், "அண்ணன், அப்பாவுடைய வண்டி, ஒருதடவை வந்து பார்க்க வேண்டும்" என்று கேளுங்கள்.

பிரேக் எல்லாவற்றுக்கும் முன்னால். ரப்பர் உறுப்புகள், குழாய்கள் அத்தனையும் புதிதாக வேண்டும், பார்க்க நன்றாக இருந்தாலும். பழைய லைனிங்கில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கும். டிரம்மைத் திறந்து காற்றடித்துத் தூசியைக் கிளப்புகிற வழக்கம் நுரையீரலுக்கு எமன். ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், சக்கரம். அந்தக் கால 20 அங்குல ரிம்மில் டயரை உள்ளே பிடித்து வைப்பது ஒரு இரும்பு வளையம். வளையமும் அது உட்காரும் பள்ளமும் துருவால் அரித்திருந்தால், காற்று ஏறும்போது வளையம் தெறித்துவிடும். எதிரே நின்றவர் பிழைப்பது அரிது. பஞ்சர் கடைகளில் வளையத்தின் குறுக்கே சங்கிலி சுற்றியோ, இரும்புக் கூண்டுக்குள் வைத்தோ காற்றடிப்பது அதனால்தான். நிற்கிற வண்டிதானே என்று டயரோடு அப்படியே காற்றடித்துவிடாதீர்கள். முழுக்கக் கழற்றி, வளையத்தைத் தேய்த்துப் பார்த்து, சந்தேகமிருந்தால் மாற்றிவிடுங்கள். 9.00–20 டயர் இன்னும் கடையில் கிடைக்கிறது.

சாலையில் ஓட்டலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்பீர்கள். 2021-இல் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. ஐம்பது ஆண்டு தாண்டியிருக்க வேண்டும், பதிவெண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும், புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும். ஆனால் சொந்த உபயோகத்துக்கான இருசக்கர வாகனமும் காரும்தான் அந்தப் பட்டியலில் உண்டு. சரக்கு லாரி இல்லை. மகாராஜா ஏறிய கார் பாரம்பரியமாம், அவருடைய பிரஜைகளுக்கு அரிசியும் உப்பும் சுமந்த லாரி பழைய இரும்பாம். விதியை எழுதியவர்கள் லாரியில் ஏறியிருக்கமாட்டார்கள். உங்கள் வண்டி சாலைக்கு வரவேண்டுமென்றால் மற்றப் பழைய சரக்கு லாரிகளைப் போலவே ஆண்டுதோறும் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று, வரி, காப்பீடு எல்லாம் வேண்டும். பதினைந்து ஆண்டு தாண்டிய கனரக வண்டிகளுக்கான எஃப்.சி. கட்டணத்தையும் 2022-இல் பல மடங்கு ஏற்றிவிட்டார்கள். பணம் செலவழிக்கத் தொடங்கும் முன் அப்பாவின் ஆர்.சி. புத்தகத்தோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய், வண்டி யார் பெயரில் இருக்கிறது, வரிப் பாக்கி எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். என் யோசனை, முதலில் வீட்டு வளாகத்துக்குள் ஓடட்டும். இருக்கிற தென்னை வரிசைக்கு நடுவே முன்னும் பின்னும் போய் வந்தாலே போதும். டபுள் கிளட்ச் போட்டு, அதாவது கிளட்சை இருமுறை மிதித்து, கியர் மாற்றப் பழகுவதற்கு உங்களுக்கும் நாளாகும்.

கடைசியாக, விடுப்பை எப்போது எடுப்பது என்பதைப் பற்றி. நம் மாவட்டத்தில் மீன்பிடித் தடை இரண்டு தவணை. சின்னமுட்டம் உள்ளிட்ட கிழக்குப் பகுதிக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. படகெல்லாம் கரையில் நிற்பதால் மெக்கானிக்குகள் சும்மா இருப்பார்கள் என்று தோன்றும். அப்போதுதான் அவர்களுக்குத் தலைபோகிற வேலை, எல்லாப் படகின் இன்ஜினும் ஒரே சமயத்தில் பிரித்துக் கிடக்கும். ஷெட் வேலையை இப்போதே ஆள்விட்டுத் தொடங்கிவிட்டு, ஆகஸ்டில் வாருங்கள்.