கடன் வாங்கி கோர்ஸ் மாற்ற வேண்டாம் ஐயா

கவுன்சலிங்கில் மகளுக்கு இ.இ.இ. (மின், மின்னணுப் பொறியியல்) கிடைத்திருக்கிறது, அதை விட்டுவிட்டுக் கடன் வாங்கியாவது மேனேஜ்மென்ட் கோட்டாவில் சைபர் செக்யூரிட்டி சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். மின்சாரத் துறையிலேயே சைபர் பாதுகாப்புக்கு ஆள் தேவை, அதற்கு இ.இ.இ.தான் நேர்வழி.

2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் மூன்று மின் விநியோக நிறுவனங்களின் கணினிகளுக்குள் புகுந்தவர்கள், சப்ஸ்டேஷன் பிரேக்கர்களை (மின்சாரத்தைத் துண்டிக்கும் பெரிய சுவிட்சுகள்) தொலைவிலிருந்தே திறந்துவிட்டார்கள். சுமார் 2.25 லட்சம் இணைப்புகள் இருண்டன. சில மணி நேரத்தில் கரன்ட் திரும்பியது என்றால், ஊழியர்கள் சப்ஸ்டேஷன்களுக்கே போய்க் கையால் பிரேக்கரைப் போட்டதால்தான். எதை முதலில் போட வேண்டும் என்று தெரிந்தவர்கள் அவர்கள்.

உங்கள் மொட்டைமாடி சோலாரையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இன்வெர்ட்டர் வைஃபை வழியாகத் தயாரிப்பாளரின் சர்வரோடு பேசிக்கொண்டிருக்கலாம். (பாஸ்வேர்டை மாற்றினீர்களா? பெரும்பாலோர் மாற்றுவதில்லை.) ஒரு வீட்டில் நின்றால் கிரிட்டுக்கு, அதாவது மொத்த மின் வலையமைப்புக்கு, அது தெரியக்கூடத் தெரியாது. லட்சக்கணக்கில் ஒரே நேரத்தில் நின்றால் 50 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டிய அதிர்வெண் சரியும். ரிலேக்கள் (கோளாறைக் கண்டதும் தானாகவே துண்டிக்கச் செய்யும் பாதுகாப்புக் கருவிகள்) ஃபீடர்களை, அதாவது பகுதிகளுக்கு மின்சாரம் கொண்டுபோகும் லைன்களை, வெட்டத் தொடங்கும். 2022 பிப்ரவரி 24 அன்று, உக்ரைன் போர் தொடங்கிய நாளில், ஒரு செயற்கைக்கோள் இணையச் சேவை தாக்கப்பட்டது. அந்தச் சேவையை நம்பியிருந்த ஜெர்மனியின் எனர்கான் நிறுவனம் சுமார் 5,800 காற்றாலைகளைத் தொலைவிலிருந்து கண்காணிக்க முடியாமல் தவித்தது. காற்றாலைகளோ தானாகவே ஓடிக்கொண்டிருந்தன. தொடர்பு அறுந்தாலும் ஓடும்படி அமைப்பது மின் பொறியாளரின் வேலை.

ரிலே, பவர் சிஸ்டம் பாடங்களில் மகள் ஊன்றிப் படிக்கட்டும். நெட்வொர்க்கிங், லினக்ஸ், பைதான் மூன்றையும் கூடவே கற்கலாம். என்பிடெல் (ஐ.ஐ.டி.கள் நடத்தும் இணையவழி வகுப்பு) பாடங்கள் இலவசம். மூன்றாம் ஆண்டுக்குள் மோட்பஸ், ஐஇசி 61850 ஆகியவை (மின் கருவிகள் ஒன்றோடொன்று பேசும் முறைகள்) பழக வேண்டும். ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்: அனுமதியில்லாமல் அடுத்தவர் சிஸ்டத்தில் கை வைக்கக் கூடாது. ஐ.டி. சட்டப்படி அது குற்றம்.

மறைக்காமல் சொல்கிறேன், முதல் வேலையிலேயே 'சைபர்' என்ற பதவிப் பெயர் கிடைக்காது. ஸ்காடா (தொலைவிலிருந்து கண்காணித்து இயக்கும் அமைப்பு), ரிலே டெஸ்டிங் என்றுதான் தொடங்கும், சம்பளமும் ஐ.டி. நண்பர்களைவிடக் குறைவாக இருக்கலாம். இரண்டு மூன்று வருஷம் பொறுக்க வேண்டும். கேட் (GATE) தேர்வு எழுதினால் பொதுத்துறைக் கதவும் திறந்திருக்கும்.

இப்போதைக்கு, சீட்டை உறுதி செய்யும் கடைசித் தேதியைத் தவறவிடாதீர்கள்.