கேள்வி பதில்: போரை வட்டமாக வரைந்தவர்

கேள்வி: பள்ளி விழாவுக்காக, 1791-ல் கிருஷ்ணகிரிக் கோட்டையில் நடந்த தாக்குதலை 30 அடித் துணியில் வரைந்து, அரைவட்டமாக நிறுத்தப் போகிறோம். ஜெர்மானியர் ஆன்டன் ஃபான் வெர்னர் இப்படி வரைந்தவராமே?
– ஓவிய ஆசிரியர், காவேரிப்பட்டணம்

பதில்: ஆமாம். 1843-ல் பிறந்த வெர்னர், வீடுகளுக்கு வண்ணம் பூசும் தொழிலில் தொடங்கி, பெர்லின் ஓவியக் கல்லூரி இயக்குநரானவர். 1871-ல் வெர்சாய் மாளிகையில் ஜெர்மன் பேரரசு அறிவிக்கப்பட்டபோது நேரில் இருந்தார். அன்று நீலச் சீருடை அணிந்திருந்த, பேரரசின் முதல் தலைமை அமைச்சரான பிஸ்மார்க்குக்கு, அந்தக் காட்சியை வரைந்த 1885 ஓவியத்தில் வெள்ளைச் சீருடை போட்டார். கூட்டத்தில் கண் அங்கே போக வேண்டும் என்பதற்காக! வரலாற்றுக்கு அது பிழைதான், ஆனால் ஓவியனின் கணக்கு புரிகிறது. 1870-ல் ஜெர்மானியர் பிரான்சை வென்ற செடான் போரை, பார்ப்பவரைச் சுற்றி நிற்கும் வட்ட ஓவியமாக உதவியாளர் குழுவோடு வரைந்தார்; அது 1883-ல் பெர்லினில் திறக்கப்பட்டது. 1915-ல் மறைந்தார்.

உங்கள் வேலைக்கு: முதலில் அடிக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் சிறு படம் வரைந்து கட்டம் போடுங்கள். தொடுவானம் பார்ப்பவரின் கண்மட்டத்தில் இருக்கட்டும். அதற்கு மேலே வரும் மதிலை நேர்கோடாகப் போட்டால், நடுவில் நிற்பவருக்கு வளைந்தே தெரியும். ஆகவே மதிலின் மையத்தைச் சற்று உயர்த்தி, ஓரங்களைத் தாழ்த்துங்கள். அடியில் குழாய் கோத்துக் கனம் கொடுத்தால் சுருக்கம் போகும். ஆனால் வளைந்து தொங்கும் துணி இடைப்பகுதியில் உள்நோக்கிக் குழிவதால் உருவங்கள் பிசகும். தொங்கவிட்ட பிறகே வரையுங்கள்.